டி.சி. கொடுப்பதோடு வேலை முடியாது: எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளைகளைத் தயார்செய்ய நடுநிலைப் பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரைதான். எட்டு முடிந்ததும் பிள்ளை பக்கத்து ஊரில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போயாக வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த ஆசிரியர் எப்படி என்று தெரியும், கேன்டீன் எங்கே என்று தெரியும், அவர்களுக்குள் ஒரு செட்டும் சேர்ந்திருக்கும். நம் பிள்ளை அங்கே போய்ப் புதிதாக நிற்கும்.

இடம் மட்டும் மாறுவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது உறுதி தரும் இலவசக் கட்டாயக் கல்வி 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை. எட்டு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதும் இல்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்ததைக்கூட 2020 பிப்ரவரியில் அரசு திரும்பப் பெற்றது. அந்த முடிவு சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விளைவாக, 'தேர்ச்சி இல்லை' என்ற சொல்லைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்கக்கூடிய இடம் ஒன்பதாம் வகுப்பு ஆகிவிட்டது. சட்டத்தின் பிடி விடுகிற இடமும் பரீட்சை இறுகுகிற இடமும் ஒன்றாகவே வருகின்றன. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழேதான் முழுத் தடை, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் தடை. பனியன் கம்பெனிக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் போகிற வழி திறக்கிற வயதும் அதுதான்.

இதற்கு மேலே நிர்வாகச் சிக்கல் ஒன்று. நடுநிலைப் பள்ளி தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது, உயர்நிலைப் பள்ளி பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ். அதிகாரி வேறு, கூட்டம் வேறு, வாட்ஸ்அப் குழுகூட வேறு. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது மிகச் சாதாரணம். எட்டில் கணக்கு எடுத்தவர் "நான் முடித்துவிட்டேன்" என்பார், ஒன்பதில் எடுப்பவர் "கீழே ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் பொறுப்பு இல்லை. அந்தப் பொறுப்பை நடுநிலைப் பள்ளிதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன், ஏனென்றால் பிள்ளையையும் வீட்டையும் எட்டு வருடமாகத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் தொடங்கினால் போதாது, ஏழாம் வகுப்பு ஜூனிலேயே தொடங்க வேண்டும்.

1. முதலில், போன பிள்ளைகள் எங்கே என்று பாருங்கள்

பழைய மாணவர் பதிவேட்டை எடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எட்டு முடித்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மூன்றே கேள்விகள்: எந்தப் பள்ளியில் சேர்ந்தார், இப்போது படிக்கிறாரா, பத்தாவது எழுதியிருந்தால் தேர்ச்சியா. எமிஸில் (அரசின் இணையவழி மாணவர் பதிவேட்டில்) பாதி கிடைக்கும், மீதியை ஊரில் கேட்டால் ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கு யார் பிள்ளை எங்கே என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் அந்தப் பிள்ளைகளில் நான்கைந்து பேரை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லி உட்கார்ந்து பேசுங்கள். நன்றாகப் படிக்கிறவரை மட்டும் கூப்பிடாதீர்கள், தடுமாறுகிறவரும் வேண்டும், நின்றுபோனவர் வந்தால் இன்னும் நல்லது. "ஒன்பதாவது போனதும் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் நாம் நினைப்பது போல இருக்காது. பாடத்தைச் சொல்வதற்கு முன்னால் பஸ்ஸைச் சொல்வார்கள், கழிப்பறையைச் சொல்வார்கள், "அங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க சார்" என்பார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கான திட்டம் அந்தத் தாளிலிருந்துதான் வரும், மாவட்டத்திலிருந்து வரும் சுற்றறிக்கையிலிருந்து வராது.

2. ஏழாம் வகுப்பு ஜூனில் உண்மை நிலவரத்தைப் பாருங்கள்

மதிப்பெண் பட்டியலை நம்ப வேண்டாம். வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்புச் செயல்பாடுகளுக்கு) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (எழுத்துத் தேர்வுக்கு) 60 என்று போடுகிற முறையில் அந்த 40 பெரும்பாலும் முழுதாகவே விழுந்துவிடும், செயல்திட்டம், அட்டை ஒட்டுவது, படம் வரைவது என்று. அதனால் 70 எடுத்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். சமூக அறிவியல் புத்தகத்தில் இதுவரை நடத்தாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு "என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். அடுத்து, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று. கடைசியாக, நேற்று வீட்டில் நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், தலைப்பு எதுவும் கொடுக்காமல். இந்த மூன்றிலேயே வகுப்பு மூன்றாகப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைத் திட்டாமல், 'மெல்லக் கற்போர்' என்று முத்திரை குத்தித் தனி பெஞ்சில் உட்கார வைக்காமல், தினமும் ஒரு மணி நேரம் அடிப்படைக்கு ஒதுக்க வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு 2025-ல் தொடங்கிய திறன் திட்டம் இந்த நோக்கத்தோடு வந்ததுதான். அதைப் பதிவேடு நிரப்புகிற வேலையாக ஆக்கிவிடாமல் அந்த நேரத்தை உண்மையிலேயே அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் இரண்டு ஆண்டில் நிறைய மாறும்.

3. கணக்கு: நான்கு இடங்களை மட்டும் இறுகப் பிடியுங்கள்

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் கணக்கில்தான். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினால் கணமொழி, மெய்யெண்கள், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்று தலைப்புகள் மிரட்டும். ஆனால் அந்தப் பாடங்களில் பிள்ளை தடுக்கி விழுகிற இடங்களைப் பார்த்தால் எல்லாம் ஆறு, ஏழில் விட்டுப்போனவை: பின்னம், குறை எண்கள், விகிதம், எளிய சமன்பாடு. இந்த நான்கும் கையில் இருந்தால் மற்றதை மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

இது கணக்குப் பாடத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கம் என்று ஒரு பாடம். அதில் இப்படி ஒரு கணக்கு வரும்: நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பேருந்து பிரேக் போட்டு 5 நொடியில் நிற்கிறது, முடுக்கம் என்ன? இறுதித் திசைவேகத்திலிருந்து தொடக்கத் திசைவேகத்தைக் கழித்து நேரத்தால் வகுக்க வேண்டும். சூத்திரத்தைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லிவிடும். ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து 20-ஐக் கழிக்கிற இடம் வந்ததும் பேனா நிற்கும். சில பிள்ளைகள் 20 என்று எழுதுவார்கள், சிலர் 0 என்று எழுதுவார்கள், ஒருவர் எழுந்து "சின்னதுல இருந்து பெருச எப்படி சார் கழிக்கிறது?" என்று கேட்பார். விடை −4 மீட்டர் பர் நொடி வர்க்கம். அந்தக் கழித்தல் அடையாளம்தான் 'வேகம் குறைகிறது' என்று சொல்கிறது, அதாவது அறிவியல் முழுக்க அந்த ஒரு சின்னக் கோட்டில் இருக்கிறது. குறை எண் புரியாத பிள்ளைக்கு அந்தப் பாடமே புரியாது, அறிவியல் ஆசிரியரோ அந்த நேரத்தில் உட்கார்ந்து குறை எண்களைச் சொல்லிக்கொடுக்க மாட்டார், அவருக்கு நேரமும் கிடையாது.

முக்கோணவியலும் அப்படியே. சைன், காஸ், டேன் என்பதெல்லாம் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள விகிதம்தான். விகிதம் என்றால் என்ன என்று கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அது புதிய பாடமாகவே தெரியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஏழாம் வகுப்பு முதல் பருவத்திலிருந்து எட்டு முடியும் வரை, தினமும் கணக்கு வகுப்பின் முதல் பத்து நிமிடம் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கரும்பலகையில் நான்கு கணக்கு: ஒரு பின்னம், ஒரு குறை எண், ஒரு விகிதம், ஒரு சமன்பாடு. எல்லோரும் தனி நோட்டில் செய்ய வேண்டும், பக்கத்துப் பிள்ளை திருத்த வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளையிடம் "தப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளைப் பாதியாக மடிக்கச் சொல்லி, "நீ எழுதின விடை இந்தப் பாதியைவிடச் சின்னதா இருக்கே, கூட்டினா குறையுமா?" என்று கேளுங்கள். விடை சரியா என்று தானே சந்தேகப்படுகிற பழக்கம் வந்துவிட்டால் அது பத்தாவது வரைக்கும் துணைக்கு வரும்.

வாய்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 16 வரை மனப்பாடமாக வேண்டும், இதில் நான் பழைய காலத்து ஆள்தான். யோசித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகூட ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் காரணிப்படுத்தலில் மூச்சு வாங்கும்.

4. கைடைப் பார்த்து எழுதுகிற பழக்கத்தை உடைக்க வேண்டும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடம், 500 மதிப்பெண், தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35. எழுதும் நேரம் 3 மணி. எழுதிக்கொண்டே இருக்க வேண்டிய பரீட்சை அது. ஆனால் நடுநிலையில் நம் பிள்ளைகள் எழுதுவது எல்லாம் பார்த்து எழுதுவதுதான்: கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவார், பிள்ளை நோட்டில் இறக்கும், நோட்டு அழகாக இருக்கும், ஆய்வுக்கு வருகிறவரும் பாராட்டிவிட்டுப் போவார். அந்த நோட்டில் பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இருக்காது.

வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். விடை புத்தகத்தில் ஒரே இடத்தில் கிடைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். "நம் ஊர் ஏரியில் ஏப்ரலில் தண்ணீர் ஏன் இருப்பதில்லை? மூன்று காரணம் எழுது." "கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் பெயர்கள் கீறப்பட்டிருப்பதிலிருந்து அந்தக் கால மக்களைப் பற்றி என்ன தெரிகிறது?" இப்படி. முதல் மாதம் இரண்டு வரிதான் வரும், எழுத்துப்பிழை கொட்டிக்கிடக்கும். பிழை எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த வாரம் அந்த இரண்டு வரியும் வராது. ஒரு வாரம் ஒரே ஒரு பிழை வகையை மட்டும் எடுங்கள், இந்த வாரம் ல-ள, அடுத்த வாரம் வல்லினம் மிகும் இடம். எட்டாம் வகுப்பு டிசம்பருக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எதையும் பார்க்காமல் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு எல்லாவற்றையும் செய்ய நேரம் இருக்காது. வாசிக்கத் தெரிந்தால் பெரிய விஷயம். நான்கு வரிப் பத்தியைத் தடுமாறாமல் வாசிப்பதும், தன்னைப் பற்றி எட்டுப் பத்து வாக்கியம் எழுதுவதும் வந்துவிட்டால், மேலே போய்ப் பிடித்துக்கொள்வார்கள்.

5. ஆண்டு முழுவதற்கும் படிக்கிற பழக்கம்

கீழ் வகுப்புகளின் பருவ முறையில் ஒரு பருவத்துப் பாடத்தை அந்தப் பருவத்தோடு மறந்துவிடலாம். மேலே போனால் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பாடம் சேர்ந்துகொண்டே போகும், ஜூனில் நடத்தியது ஏப்ரலில் கேட்கப்படும். இதற்கு மூளையும் உடம்பும் பழக வேண்டும். எட்டாம் வகுப்பில் மாதம் ஒரு தேர்வு வையுங்கள், அதில் பாதிக் கேள்விகள் முந்தைய மாதங்களின் பாடத்திலிருந்து வரட்டும். மதிப்பெண்ணை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆண்டில் இரண்டு முறையாவது முழுதாக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுத வையுங்கள், அரை மணியில் எழுதி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை யார் என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டில் படிக்க இடம் இல்லாத பிள்ளைகள் நிறைய. ஒரே அறை, டிவி ஓடும், தம்பி அழுவான். "வீட்டில் போய் இரண்டு மணி நேரம் படி" என்று அவர்களிடம் சொல்வதில் பயனில்லை. பள்ளி முடிந்து முக்கால் மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால் அதுவே பெரிய உதவி. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த அக்காக்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

6. என்.எம்.எம்.எஸ். தேர்வை எல்லோருக்கும் உரியதாக ஆக்குங்கள்

எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு இது. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50) எடுத்திருக்க வேண்டும். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. தமிழ்நாட்டில் 6,695 பேருக்கு ஒதுக்கீடு. தேர்வு வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் வரும்.

நன்றாகப் படிக்கிற நான்கு பேரை மட்டும் பிரித்துப் பயிற்சி கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கம். எல்லோருக்கும் கொடுங்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பப் படிக்க வைக்கிற தேர்வு அது, உதவித்தொகை கிடைக்காத பிள்ளைக்கும் ஒன்பதாவதில் அந்தப் பயிற்சி உதவும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பிள்ளை தேர்வாகிவிட்டால் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்வது ஒன்பதாம் வகுப்பில், புதிய பள்ளி வழியாக. அங்கே யாருக்கும் இந்தப் பிள்ளை தேர்வானது தெரியாமல் போனால் கிடைத்த பணம் கைநழுவிப் போகும். தேர்வானவர்களின் பட்டியலைப் புதிய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

7. ஜனவரியில் பெற்றோரோடு உட்காருங்கள்

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற முடிவு பெரும்பாலும் மே மாதம், யாரோ ஒரு உறவினர் பேச்சைக் கேட்டு, அல்லது வாசலுக்கு வரும் தனியார் பள்ளி வேனைப் பார்த்து எடுக்கப்படுகிறது. அந்த முடிவில் என்னென்ன கைவிட்டுப் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. 2022-ல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கிய புதுமைப் பெண், 2024-ல் ஆண் பிள்ளைகளுக்குத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் கல்லூரிக்குப் போனதும் மாதம் ரூ.1,000 கிடைக்கும். இவற்றுக்கும் ஆறிலிருந்து படித்த பள்ளியைத்தான் பார்க்கிறார்கள் (தமிழ்வழி உதவிபெறும் பள்ளிகளும் இதில் சேரும்). ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், எட்டு வரை அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராமல் போகும் வாய்ப்பு அதிகம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்ற 2010 சட்டமும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்கல்வி முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்கிறது. அதனால் ஒன்பதில் ஆங்கில வழிக்கு மாற்றுவது 'சும்மா ஒரு மாற்றம்' இல்லை. மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து மாற்றட்டும் என்கிறேன்.

ஒரே கூட்டத்தில் மைக் வைத்துச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்குப் பத்து நிமிடம், தனியாக. யாருடைய வீட்டில் "பொம்பளப்புள்ள, பஸ் ஏறிப் போகணுமா" என்ற பேச்சு இருக்கிறது, யார் மாமா "மில்லுக்கு ஆள் கேக்குறாங்க" என்று சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வரும். தூரம்தான் தடை என்றால் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் விடுதிகள் பற்றிய தகவலை அப்போதே கையில் கொடுங்கள். அதே ஊரிலிருந்து போகும் நான்கைந்து பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கும்படி பேசிவிட்டால் பாதித் தடை தானாகப் போய்விடும், கூட்டமாகப் போகிற பெண் பிள்ளைகளை வீட்டில் தைரியமாக அனுப்புவார்கள். திருமணப் பேச்சு காதில் விழுந்தால் தயங்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் திருமணம் செய்வது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம்.

8. பிப்ரவரியில் ஒரு நாள், புதிய பள்ளிக்குப் போய் வாருங்கள்

சுற்றுலா மாதிரி அழைத்துப்போய்க் கட்டடத்தைக் காட்டிவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும், அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு என்று அங்கேயே அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும். உங்கள் பள்ளியில் படித்து அங்கே இருக்கும் ஒரு அண்ணனும் ஒரு அக்காவும் சுற்றிக் காட்டட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே, நாப்கின் யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்த அக்கா சொன்னாலே போதும், ஜூனில் பாதிப் பயம் இருக்காது. மதியச் சாப்பாடு அங்கேயும் உண்டு, சத்துணவு பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. இது தெரியாத பெற்றோர்கள் இருக்கிறார்கள். போகும்போது அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஏறப் போகிற அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போங்கள்.

9. தாள்களைச் சரிசெய்யுங்கள்

இது சலிப்பூட்டுகிற வேலை, ஆனால் விட்டால் பத்தாவதில் அழுகைதான். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எமிஸிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எட்டாம் வகுப்பு ஆகஸ்டிலேயே பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரிய அலைச்சல். சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

10. பிள்ளைக்கு ஒரு பக்கம்

டி.சி.யில் பிள்ளையைப் பற்றி ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், கையால் எழுதினாலே போதும். வாசிப்பு எப்படி, கணக்கில் அந்த நான்கில் எது பலவீனம், எது நன்றாக வரும், வீட்டு நிலை எப்படி, யாரிடம் பேசினால் வேலை நடக்கும். 'கண்ணாடி போட வேண்டும், வெட்கப்பட்டுப் போடமாட்டாள், முன்வரிசையில் உட்கார வையுங்கள்' என்ற ஒரு வரி, எத்தனை படிவம் நிரப்பினாலும் கிடைக்காத உதவி. குடும்ப ரகசியம், நோய், சாதி சம்பந்தப்பட்ட எதையும் தாளில் எழுதாதீர்கள், தேவையானால் வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். 'சேட்டை', 'மக்கு' போன்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் வரவே கூடாது. புதிய இடத்தில் புதிதாகத் தொடங்குகிற உரிமை பிள்ளைக்கு உண்டு.

அந்தத் தாள்களைத் தபாலில் அனுப்பாமல் ஒரு நாள் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் பாடவாரியாக உட்கார்ந்து பேசினால் நல்லது. இரண்டு தலைமை ஆசிரியர்கள் மனது வைத்தால் ஒரு மதியம் போதும், வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

11. ஜூன், ஜூலை, அப்புறம் செப்டம்பர்

பள்ளி திறந்து இரண்டாம் வாரம், எட்டு முடித்துப் போன எல்லோருடைய பெயரும் எமிஸில் ஒன்பதாம் வகுப்பில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பழைய பள்ளி விடுவித்த பெயர்கள் இருக்கும் எமிஸ் பொதுத் தொகுப்பிலேயே நிற்கிற பெயர் என்றால் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று பொருள். அன்றைக்கே வீட்டுக்குப் போங்கள், ஆகஸ்டில் போனால் பிள்ளை வேலைக்குப் பழகி, கையில் சம்பளமும் பார்த்திருக்கும், திரும்ப அழைத்து வருவது பல மடங்கு கஷ்டம். சேர்ந்த பிள்ளைகளிடமும் ஜூலையில் ஒரு தடவை பேசுங்கள். முதல் இரண்டு மாதத்தில் அடிக்கடி லீவு போடுகிற பிள்ளைதான் பின்னால் நின்றுபோகும் பிள்ளை.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் பள்ளியிலிருந்து போனவர்களின் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் 35-க்குக் கீழே எத்தனை பேர், அறிவியலில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, அவர்களில் இரண்டு மூன்று பேரின் விடைத்தாளையும் பாருங்கள், புதிய பள்ளி ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். எந்த வரியில் தடுக்கினார்கள், எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்று குறித்துக்கொண்டு வந்தால், இப்போது ஏழில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அக்டோபரிலேயே அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடலாம்.